முதல் ஆட்டம்: ஒரு பந்து, ஒரு மட்டை

வீடியோ கேம் செய்யத் தொடங்குபவரின் முதல் ஆட்டம் ஒரே திரைக்குள் அடங்கியதாக இருப்பது நல்லது. ஆடுபவர் செய்யும் செயல் ஒன்று, தோற்கும் வழி ஒன்று, ஏறிக்கொண்டே போகும் புள்ளிக் கணக்கு ஒன்று. இந்த மூன்றும் ஒழுங்காக அமைந்துவிட்டால் அது முழு ஆட்டம். வேறு எதைச் சேர்ப்பதென்றாலும் அதற்குப் பிறகுதான்.

இதற்குப் பழைய சான்று 'பாங்' என்ற ஆட்டம். 1972இல் கலிபோர்னியாவில் அட்டாரி நிறுவனம் தொடங்கிய சமயம் அது. புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஆலன் ஆல்கார்னுக்குக் கைப்பழக்கம் வரட்டும் என்று, நிறுவனர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல் ஒரு பயிற்சி வேலையைக் கொடுத்தார். திரையில் இரண்டு மட்டை, ஒரு பந்து, புள்ளியைக் காட்ட எண்கள், வேலை அவ்வளவுதான். ஆல்கார்ன் நுண்செயலி ஏதுமின்றி, தர்க்கச் சுற்றுகளை மட்டும் இணைத்து அதைச் செய்து முடித்தார். சொன்னதோடு அவர் நிற்கவும் இல்லை. மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, பந்து எந்தப் பகுதியில் படுகிறதோ அதற்கேற்பத் திரும்பும் கோணம் மாறும்படி வைத்தார். பந்தைத் தவறவிடாமல் ஆட ஆட, அதன் வேகம் கூடும்படியும் வைத்தார். பயிற்சிக்காகச் செய்த பொருள் விற்பனைக்குப் போய், ஒரு தொழிலுக்கே அடித்தளம் இட்டது. அதில் படம் என்று சொல்லச் சில வெள்ளைக் கட்டங்களே இருந்தன. ஆடியவர்களைக் கட்டிப்போட்டவை அந்தக் கோணமும் வேகமும்தான்.

ஓர் ஆட்டத்தின் உயிர் அதன் விதியிலும் எண்ணிலும் இருக்கிறது என்பதைச் சின்ன ஆட்டம் ஒன்றைச் செய்யும்போதுதான் கண்கூடாகப் பார்க்க முடியும். இந்த அத்தியாயத்தில் தனியாளாக ஆடும் ஒரு பந்து-மட்டை ஆட்டம் தொடக்கம் முதல் வெளியீடு வரை செய்து காட்டப்படுகிறது. இடப்பக்கம் ஒரு மட்டை, மற்ற மூன்று பக்கமும் சுவர். பந்தைத் தட்டத் தட்டப் புள்ளி ஏறும். தவறவிட்டால் ஆட்டம் முடியும்.

அளவை முதலில் எழுதிவைத்தல்

தொடங்குபவர்களில் பலர் தாங்கள் கைப்பேசியில் ஆடும் பெரிய ஆட்டங்களைப் போலவே ஒன்றைச் செய்ய விரும்புகிறார்கள். அவற்றுக்குப் பின்னால் பெரிய குழுவும் பல ஆண்டு உழைப்பும் இருக்கின்றன. இணையவழியில் பலர் சேர்ந்து ஆடுவது என்ற ஒரே அம்சத்தை எடுத்துக்கொண்டாலும் சிக்கல் விளங்கும். ஒருவர் சுட்ட செய்தி மற்றவரின் கருவிக்குப் போய்ச் சேரச் சிறிது நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் இரண்டு திரைகளும் வெவ்வேறு நிலையைக் காட்டுகின்றன. எது உண்மை என்று தீர்மானிப்பது அனுபவசாலிகளுக்கே கடினமான வேலை. முப்பரிமாணம், நீண்ட கதை, பல நிலைகள் ஆகியவையும் முதல் ஆட்டத்துக்கு வேண்டாம்.

கணினியைத் திறப்பதற்கு முன் அரைப்பக்கத் தாளில் விதிகளை எழுதிவிட வேண்டும். பந்து-மட்டை ஆட்டத்துக்கு அது இப்படி அமையும்:

1. மட்டை மேலும் கீழும் மட்டும் நகரும்; திரையை விட்டு வெளியே போகாது.
2. பந்து மேல், கீழ், வலச் சுவர்களில் பட்டால் திரும்பும்.
3. மட்டையில் பட்டால் திரும்பும். ஒரு புள்ளி கூடும். வேகம் சற்று ஏறும்.
4. இடப்பக்கம் வெளியேறினால் ஆட்டம் முடியும்.
5. ஒரு விசையைத் தட்டினால் மறுபடி தொடங்கும்.

வேலை நடுவே 'வெடிகுண்டு வைக்கலாமா', 'இரண்டாவது பந்து விடலாமா' என்ற யோசனைகள் தாமாகவே வரும். அவற்றை அதே தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்துவிட்டு, முன்பக்கத்து ஐந்து வரிகளும் முடிந்த பிறகே புரட்டிப் பார்க்க வேண்டும்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

எந்தக் கருவி சிறந்தது என்ற விவாதத்திலேயே மாதங்களைக் கழித்துவிடுபவர்கள் உண்டு. இந்த அளவு ஆட்டத்தைக் கீழே வரும் எந்தக் கருவியிலும் செய்யலாம்.

நிரல் எழுதியே பழக்கமில்லாதவருக்கும் பள்ளி மாணவருக்கும் ஏற்றது ஸ்க்ராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் உருவாகி 2007இல் பொதுவெளிக்கு வந்த இலவசக் கருவி இது. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். அவற்றை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல் ஆகிவிடும். எழுத்துப்பிழையால் நிரல் நின்றுபோகும் தொல்லை இதில் இல்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலும் ஸ்க்ராட்ச் அறிமுகம் உண்டு.

பைத்தான் நிரல்மொழி கற்றவர்களுக்கு, அதில் ஆட்டம் செய்ய உதவும் பைகேம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படித்தவர்களுக்குப் பைத்தானின் அடிப்படை தெரிந்திருக்கும். பைகேமில் எல்லாவற்றையும் கையாலேயே எழுத வேண்டும். கற்பதற்கு அது நல்லது. ஆட்டம் பெரிதானால் சுமை.

இந்த இரண்டுக்கும் நடுவே, இந்த அத்தியாயம் பின்பற்றும் கருவி கோடோ. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கியும் ஏரியல் மான்சூரும் உருவாக்கிய இந்த கேம் இஞ்சின் 2014இல் திறமூலமாக வெளியானது. கட்டணம் இல்லை, செய்த ஆட்டத்தை விற்றாலும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. தரவிறக்கிய கோப்பை நிறுவாமலே நேரடியாகத் திறந்து வேலை செய்யலாம். புதிய திட்டம் தொடங்கும்போது கேட்கும் வரைகலை முறைகளில் 'கம்பாட்டிபிலிட்டி' என்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பழைய கணினியிலும் ஓடும். பின்னால் இணையப் பக்கத்தில் ஆட்டத்தை ஏற்றவும் அதுவே வேண்டும்.

யூனிட்டியும் அன்ரியலும் தொழில்முறையில் பெரிதும் பயன்படும் இஞ்சின்கள். வேலைவாய்ப்பை மனத்தில் வைத்திருப்பவர் பின்னால் அவற்றுக்குப் போகலாம். ஆட்டச் சுழற்சி, ஆயம், மோதல் என்று இங்கே வரும் கருத்துகள் அங்கும் அப்படியே செல்லும்.

திரை, ஆயம், சுழற்சி

திரையில் ஒரு பொருளின் இடம் ஆயம் எனப்படும் இரண்டு எண்களால் குறிக்கப்படுகிறது. கோடோவில் இடப்பக்க மேல்மூலை பூச்சியம், பூச்சியம். வலப்பக்கம் போகப் போக முதல் எண் கூடும். கீழே போகப் போக இரண்டாவது எண் கூடும். பள்ளி வரைபடத்தாளில் மேலே போனால் எண் கூடிப் பழகியவர்களுக்கு இது முதலில் தலைகீழாகத் தோன்றும். ஸ்க்ராட்சில் வரைபடத்தாள் முறையே உண்டு: நடுவில் பூச்சியம், திரை 480 அகலம், 360 உயரம். கோடோ 4இல் புதிய திட்டத்தின் திரை 1152 அகலமும் 648 உயரமும் கொண்டது. இந்த அத்தியாயத்தின் கணக்குகள் அந்த அளவை வைத்தே வருகின்றன.

ஆட்டம் ஓடும்போது கணினி மூன்று வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறது: விசைகளைப் பார்க்கிறது, எண்களை மாற்றுகிறது, திரையை வரைகிறது. இதுவே ஆட்டச் சுழற்சி. வினாடிக்கு 60 முறை இது நடந்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.0167 வினாடி கிடைக்கும். திரைப்படச் சுருளைப் போல ஒவ்வொரு சுற்றும் ஒரு நிலைப்படம். வேகமாக மாறுவதால் கண்ணுக்கு அசைவாகத் தெரிகிறது.

இங்கே தொடங்குபவர் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. 'ஒவ்வொரு சுற்றிலும் பந்தை 7 திரைப்புள்ளி (பிக்சல்) நகர்த்து' என்று எழுதிவிடுவார். வினாடிக்கு 60 சுற்று ஓடும் கணினியில் பந்து வினாடிக்கு 420 புள்ளி நகரும். அதே நிரல் 144 சுற்று ஓடும் புதிய கணினியில் 1008 புள்ளி பாயும். அங்கே ஆட்டத்தை ஆடவே முடியாது. ஆகவே வேகத்தை வினாடிக் கணக்கில் வைத்து, முந்தைய சுற்றிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்க வேண்டும்:

புதிய இடம் = பழைய இடம் + வேகம் × கடந்த நேரம்

கோடோ இந்தக் கடந்த நேரத்தை 'டெல்டா' என்ற பெயரில் ஒவ்வொரு சுற்றிலும் கொடுக்கிறது. கணினியின் திறனும் ஆட்டத்தின் வேகமும் எவ்வளவு பின்னிப் பிணைந்தவை என்பதற்கு, 1978இல் ஜப்பானின் தோமோஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' நல்ல எடுத்துக்காட்டு. எதிரிகள் சுடப்பட்டுக் குறையக் குறைய, வரைய வேண்டியவை குறைந்து, மிஞ்சியவை வேகமாக நகர்ந்தன. அது ஆட்டத்தின் பரபரப்பைக் கூட்டியதால் அவர் அப்படியே விட்டுவைத்தார்.

கட்டுதல்: ஏழு படிகள்

ஒவ்வொரு படி முடிந்ததும் ஆட்டத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஏழு படிகளையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஓட்டினால், பிழை எந்தப் படியில் புகுந்தது என்று தேடுவதிலேயே நாள் போய்விடும். ஒவ்வொரு நாள் முடிவிலும் திட்டக் கோப்புறையை நகலெடுத்துத் தேதி போட்டு வைப்பது அவசியம். பதிப்புகளைச் சேமித்து வைக்கும் 'கிட்' மென்பொருளைப் பழகியவர் அதையே பயன்படுத்தலாம்.

முதல் படி: மட்டைக்கு ஒரு வண்ணச் செவ்வகம், 20 அகலம், 100 உயரம், இடப்பக்க விளிம்பிலிருந்து 40 தள்ளி. பந்துக்கு 16க்கு 16 சதுரம், திரையின் நடுவில். இந்தக் கட்டத்தில் படம் தேடிப் போக வேண்டாம்.

இரண்டாம் படி: மேல் அம்பு விசை அழுந்தியிருந்தால் மட்டை வினாடிக்கு 450 என்ற வேகத்தில் ஏற வேண்டும், கீழ் அம்புக்கு இறங்க வேண்டும். அம்பு விசைகளுக்கான பெயர்கள் கோடோவில் ஏற்கெனவே அமைந்திருக்கின்றன. மட்டையின் மேல்விளிம்பு பூச்சியத்துக்கும் 548க்கும் இடையில் கட்டுப்பட வேண்டும். திரையின் 648இலிருந்து மட்டையின் 100ஐக் கழித்து வந்தது அந்த 548.

மூன்றாம் படி: பந்துக்கு இரண்டு வேகங்கள், வலப்பக்கமாக வினாடிக்கு 350, கீழ்நோக்கி 200. மேலே சொன்ன சூத்திரத்தை இரண்டு எண்ணுக்கும் தனித்தனியே போட்டால் பந்து சாய்வாக நகரும். திரையை விட்டு வெளியே போய்விடும். இப்போதைக்கு அது சரி.

நான்காம் படி: சுவர்கள். பந்தின் மேல்விளிம்பு பூச்சியத்துக்குக் குறைந்தால் செங்குத்து வேகம் கீழ்நோக்கியதாக மாற வேண்டும். 632ஐத் தாண்டினால் மேல்நோக்கி. இட விளிம்பு 1136ஐத் தாண்டினால் கிடை வேகம் இடப்பக்கமாக.

ஐந்தாம் படி: மட்டையோடு மோதல். இது தனியே விரிவாகக் கீழே வருகிறது.

ஆறாம் படி: மோதும்போதெல்லாம் புள்ளி என்ற மாறியில் ஒன்று கூட்டி, திரையின் மேற்பகுதியில் எழுத்தாகக் காட்ட வேண்டும்.

ஏழாம் படி: பந்து இட விளிம்பைத் தாண்டி முழுதும் மறைந்தால் நகர்வை நிறுத்தி, 'ஆட்டம் முடிந்தது' என்று காட்ட வேண்டும். விசை தட்டியதும் பந்து, மட்டை, புள்ளி, வேகம் நான்கும் தொடக்க நிலைக்குத் திரும்ப வேண்டும். வேகத்தை மட்டும் மறந்துவிட்டால் இரண்டாவது ஆட்டம் முதல் ஆட்டத்தின் இறுதி வேகத்திலேயே தொடங்கும்; அடிக்கடி நேரும் பிழை இது.

மோதலை அருகில் பார்த்தல்

இரண்டு செவ்வகங்கள் ஒன்றன்மீது ஒன்று படிந்திருக்கின்றனவா என்று அறிய நான்கு ஒப்பீடுகள் போதும். பந்தின் இட விளிம்பு மட்டையின் வல விளிம்புக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். பந்தின் வல விளிம்பு மட்டையின் இட விளிம்புக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். பந்தின் மேல்விளிம்பு மட்டையின் கீழ்விளிம்புக்கு மேலேயும், பந்தின் கீழ்விளிம்பு மட்டையின் மேல்விளிம்புக்குக் கீழேயும் இருக்க வேண்டும். நான்கும் உண்மையானால் மோதல். ஒன்று பொய்யானாலும் இடைவெளி இருக்கிறது என்று பொருள். இரண்டு தீப்பெட்டிகளை மேசையில் வைத்து நகர்த்திப் பார்த்தால் இது உடனே பிடிபடும்.

மோதியதும் 'கிடை வேகத்தின் குறியை மாற்று' என்று எழுதுவதே இயல்பாகத் தோன்றும். சில ஆட்டங்கள் ஆடியதும், பந்து மட்டையில் ஒட்டிக்கொண்டு நடுங்கும் விந்தை ஒன்று தென்படும். நடப்பது இதுதான். மட்டை மேலிருந்து வேகமாக இறங்கி, ஏற்கெனவே பக்கத்தில் வந்துவிட்ட பந்தை மூடிவிடுகிறது. பந்து மட்டைக்குள் ஆழமாக இருக்கிறது. முதல் சுற்றில் குறி மாறி வலப்பக்கம் திரும்புகிறது. ஒரே சுற்றில் அது வெளியே வர முடியவில்லை. அடுத்த சுற்றிலும் மோதல் உண்மையாகவே இருக்கிறது; குறி மறுபடி மாறி இடப்பக்கம் திரும்புகிறது. இப்படி வினாடிக்கு 60 முறை திரும்பித் திரும்பிப் பந்து நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி கூடுவதால் புள்ளிக் கணக்கும் தாறுமாறாக ஏறும்.

தீர்வு எளிது. பந்து இடப்பக்கம் நோக்கி வரும்போது மட்டுமே மோதலைக் கணக்கில் எடுக்க வேண்டும். மோதியதும் குறியை மாற்றுவதற்குப் பதில், கிடை வேகம் எப்போதும் வலப்பக்கம் என்று உறுதியாக வைத்துவிட வேண்டும். அப்போது பந்து எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் வெளியே வந்துவிடும். நான்காம் படியில் சுவர்களுக்கும் 'குறியை மாற்று' என்று சொல்லாமல் திசையைச் சொன்னது இதற்காகவே.

இன்னொரு சிக்கல் ஊடுருவல். பந்தின் 16 அகலமும் மட்டையின் 20 அகலமும் சேர்ந்து 36. ஒரு சுற்றில் பந்து 36க்கு மேல் தாவினால், ஒரு சுற்றில் மட்டைக்கு முன்னும் அடுத்த சுற்றில் பின்னும் இருக்கும். படிந்த கணமே இராது. வினாடிக்கு 60 சுற்றில் இது 2160 என்ற வேகத்துக்கு மேல் நேரலாம். ஆகவே பந்தின் வேகத்துக்கு 900 என்று உச்சவரம்பு வைத்தால் சுற்றுக்கு 15 மட்டுமே நகரும், ஊடுருவல் வராது.

கைக்கு இதமாக்குதல்

இந்த அளவில் ஆட்டம் ஓடுகிறது. ஆனால் பந்து எப்போதும் ஒரே சாய்வில் திரும்புவதால், ஆடுபவருக்குச் செய்ய ஏதுமில்லை, காத்திருப்பதும் தட்டுவதும்தான். ஆல்கார்ன் மட்டையை எட்டாகப் பிரித்த காரணம் இதுவே. இன்றைய கணினியில் எட்டுப் பகுதி தேவையில்லை, தொடர்ச்சியாகவே கணக்கிடலாம்.

பந்தின் நடுப்புள்ளி மட்டையின் நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எடுத்து, மட்டையின் பாதி உயரமான 50ஆல் வகுக்க வேண்டும். விடை நடுவில் பூச்சியம், கீழ் நுனியில் 1, மேல் நுனியில் −1. அதற்கு வெளியே போனால் அந்த எல்லையிலேயே நிறுத்த வேண்டும். இதை 60 பாகையால் பெருக்கினால் திரும்பும் கோணம் கிடைக்கும். வேகத்தை அந்தக் கோணத்தின் கோசைனால் பெருக்கினால் கிடை வேகம், சைனால் பெருக்கினால் செங்குத்து வேகம். பள்ளியில் படித்த முக்கோணவியல் ஒரு பந்தைத் திருப்பும் காட்சி இது. 60 பாகையில் கோசைன் 0.5; பந்தின் வேகத்தில் பாதி கிடைத்திசையில் மிஞ்சும். கோணத்தை 80 வரை விட்டால் பந்து மேலும் கீழுமாக எகிறிக்கொண்டே, முன்னேறாமல் நேரத்தை விழுங்கும்.

இந்த மாற்றம் வந்ததும் ஆட்டத்தின் தன்மையே மாறுவதைக் கையால் உணரலாம். நுனியில் தட்டினால் பந்து கூர்மையாகப் போகிறது. ஆனால் தவறவிடும் ஆபத்தும் கூடுகிறது. நடுவில் தட்டினால் பத்திரம், ஆனால் சலிப்பு. ஆடுபவருக்கு இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது வேகம். ஒவ்வொரு தட்டுக்கும் வேகத்தை 1.05ஆல் பெருக்கினால் 14 தட்டுகளில் அது ஏறத்தாழ இருமடங்காகும். 1.02 என்றால் இருமடங்காக 35 தட்டுகள் வேண்டும். தொடங்குபவருக்கு அது இதமாக இருக்கும், பழகியவருக்கு நீளும். எது சரி என்பதை ஆடிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே எண்ணை மாற்றி, மாற்றியதையும் விளைவையும் நோட்டில் குறிப்பது நல்ல பழக்கம். மூன்று எண்களை ஒருசேர மாற்றினால் எது நன்மை செய்தது என்று தெரியாது.

சின்னச் சின்ன மறுமொழிகளும் ஆட்டத்துக்கு உடலைத் தருகின்றன. தட்டியவுடன் ஒரு 'டொக்'. மட்டை பத்தில் ஒரு வினாடி வெளிறி மீள்வது. புதிய ஆட்டத்தில் பந்து நகர்வதற்கு முன் ஒரு வினாடி அமைதி. கடைசியில் சொன்ன அந்த ஒரு வினாடி இல்லாவிட்டால், விசையிலிருந்து கை நகர்வதற்குள் பந்து வெகுதூரம் போயிருக்கும்.

படம், ஒலி, எழுத்து

செவ்வகங்களோடு ஆட்டம் நன்றாக இருந்தால் மட்டுமே படத்துக்குப் போக வேண்டும். வரையத் தெரிந்தவருக்கு க்ரிட்டா, இங்க்ஸ்கேப் ஆகிய இலவச மென்பொருள்கள் போதும். வரையாதவர் கென்னி என்ற தளத்தில் கிடைக்கும் படத் தொகுப்புகளைப் பயன்படுத்தலாம். அவை சிசி0 உரிமத்தில் உள்ளவை. அனுமதியோ பெயர்க்குறிப்போ தேவையில்லை. வேறு இடங்களில் எடுக்கும்போது உரிமத்தைப் படித்தே ஆக வேண்டும். சிசி பை என்றால் படைத்தவரின் பெயரை ஆட்டத்தில் குறிப்பிட வேண்டும். திரைப்பாடலின் சில வினாடித் துண்டானாலும் உரிமையாளரின் அனுமதியின்றிச் சேர்க்கக் கூடாது.

ஒலிக்கு எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற சின்ன மென்பொருள் உண்டு. 'லூடம் டேர்' என்ற ஆட்டம் செய்யும் போட்டிக்காக 2007இல் தோமஸ் பெட்டர்சன் உருவாக்கியது. பொத்தானைத் தட்டத் தட்டப் புதுப்புது 'டிங்', 'டொக்' ஒலிகள் பிறக்கும். கைப்பேசியில் மேசையைத் தட்டிப் பதிந்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வெட்டிச் சேர்த்தாலும் அழகாகவே இருக்கும்.

தமிழ் எழுத்தைத் திரையில் காட்டுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருங்குறியில் 'கெ' என்பது முதலில் க, பிறகு ஒற்றைக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத கருவியில் கொம்பு பின்னால் தொங்கும். 'கொ', 'கோ' எல்லாம் சிதறும். கோடோ 4 இந்த எழுத்துக்கோப்பைச் சரியாகச் செய்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் அந்த வசதி இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைத் திட்டத்துக்குள்ளேயே சேர்த்துவிட வேண்டும். செய்தவரின் கணினியில் தமிழ் எழுத்துரு இருப்பதால் சரியாகத் தெரிவது, இணையப் பக்கத்தில் வெறும் கட்டங்களாகத் தெரியக்கூடும்.

பிறர் கையில் கொடுத்துப் பார்த்தல்

காசு போட்டு ஆடும் பாங் ஆட்டத்தின் முதல் பெட்டி சன்னிவேல் நகரத்தில் ஆண்டி கேப்ஸ் என்ற மதுக்கடையில் சோதனைக்கு வைக்கப்பட்டது. சில நாட்களில் பெட்டி பழுதாகிவிட்டது என்று அழைப்பு வந்தது. ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தபோது, காசு நிரம்பி வழிந்ததால்தான் அது நின்றிருந்தது. ஆட்டம் நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு, ஆடியவர்களின் கையே பதில் சொல்லியிருந்தது.

செய்தவருக்குத் தன் ஆட்டத்தின் குறை தெரியாது. நூறு முறை ஆடி அவர் கை பழகிவிட்டது. ஆகவே மூன்று பேரிடமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும்: கேம் ஆடிப் பழகியவர் ஒருவர், பழக்கமில்லாத பெரியவர் ஒருவர், ஒரு குழந்தை. கொடுத்தபின் பேசக் கூடாது. 'மேல் அம்பைத் தட்டுங்கள்' என்று சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் ஆட்டத்துக்குள் இருந்திருக்க வேண்டிய குறிப்பு. முதல் பத்து வினாடியில் கை எங்கே போகிறது, எந்த இடத்தில் முகம் சுளிக்கிறது, தோற்றதும் தானாகவே மறுபடி தொடங்குகிறாரா என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். 'நல்லா இருக்கு' என்ற பாராட்டைவிட, கேட்காமலே ஆடப்பட்ட இரண்டாவது ஆட்டம் நம்பத்தக்க சான்று.

வெளியிடுதல்

கணினியிலேயே கிடக்கும் ஆட்டம் முடிந்த ஆட்டம் ஆகாது. முதல் வெளியீட்டுக்கு எளிய இடம் இட்ச் என்ற தளம். 2013 முதல் இயங்கும் இதில் சின்ன ஆட்டங்களைக் கட்டணமின்றி ஏற்றலாம். கோடோவில் இணைய வடிவில் ஏற்றுமதி செய்ய, அதற்கான வார்ப்புக் கோப்புகளை ஒருமுறை தனியே தரவிறக்க வேண்டும். ஏற்றுமதியாகும் முதன்மைக் கோப்புக்கு 'இண்டெக்ஸ்' என்று பெயரிட்டு, எல்லாக் கோப்புகளையும் ஒரே ஜிப்பாகக் கட்டி ஏற்றி, 'உலாவியில் ஆடப்படும்' என்ற தெரிவைக் குறித்தால் போதும்.

இணைப்பைப் பெறும் நண்பர்களில் பலர் அதைக் கைப்பேசியில்தான் திறப்பார்கள். அங்கே அம்பு விசை கிடையாது. மட்டை சுட்டியின் உயரத்தைப் பின்தொடரும்படியும் ஒரு வழி வைத்துவிட்டால், விரலுக்கும் அதுவே வேலை செய்யும். தொடுதலைச் சுட்டியாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு கோடோவில் இயல்பாகவே இயங்குகிறது. ஆண்ட்ராய்டுக்கான பிளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீமில் ஓர் ஆட்டத்துக்கு 100 டாலர். முதல் ஆட்டத்துக்கு இரண்டும் தேவையில்லை.

அடுத்த நான்கு ஆட்டங்கள்

பந்து-மட்டை முடிந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு புதிய திறனைச் சேர்க்கும் ஆட்டங்களை வரிசையாகச் செய்யலாம்.

முதலாவது செங்கல் உடைக்கும் ஆட்டம். அட்டாரியே 1976இல் 'பிரேக்அவுட்' என்று வெளியிட்டது. மட்டை கீழே வரும், மேலே செங்கல் வரிசை. இதில் புதிதாகக் கற்பது பட்டியல்: ஐம்பது செங்கல்லுக்கும் ஐம்பது மாறி எழுதாமல், ஒரே பட்டியலில் வைத்து, பட்டதை நீக்குவது.

இரண்டாவது பாம்பு. 1997இல் நோக்கியா 6110 கைப்பேசியோடு வந்து உலகெங்கும் பரவியது. இதில் நகர்வு கட்டம் கட்டமாக நடக்கும். பாம்பின் உடலை முழுதாக நகர்த்த வேண்டியதில்லை. முன்னால் ஒரு கட்டத்தைச் சேர்த்து வாலில் ஒன்றை நீக்கினால் பாம்பு ஊர்வதாகத் தெரியும். இரை கிடைத்த சுற்றில் வாலை நீக்காமல் விட்டால் பாம்பு வளர்ந்துவிடும்.

மூன்றாவது தாவும் ஆட்டம். இங்கே புவியீர்ப்பு வருகிறது: ஒவ்வொரு சுற்றிலும் கீழ்நோக்கிய வேகத்தோடு ஈர்ப்பு × கடந்த நேரம் கூடும். ஈர்ப்பு 980, தாவும் வேகம் 400 என்றால் உயரம் 400இன் வர்க்கத்தை 1960ஆல் வகுத்தது, அதாவது ஏறத்தாழ 82 திரைப்புள்ளி. காற்றில் இருக்கும் நேரம் 0.82 வினாடி. மேடைகளின் உயரத்தை இந்தக் கணக்கை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

நான்காவது பல்லாங்குழி. வேகமும் மோதலும் இல்லாத, முறை மாற்றி ஆடும் ஆட்டம். பதினான்கு குழிகளைப் பதினான்கு எண்கள் கொண்ட பட்டியலாக வைக்கலாம். குழிகளைப் பூச்சியத்திலிருந்து எண்ணிக்கொண்டு, காய் போட்டுக்கொண்டே போகும்போது குழி எண்ணில் ஒன்று கூட்டி, 14ஆல் வகுத்த மீதியை எடுத்தால், கடைசிக் குழியிலிருந்து தானாகவே முதல் குழிக்கு வந்துவிடும். விதிகள் ஊருக்கு ஊர் மாறுபடுவதால், எந்த ஊர் விதி என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு முதலில் தாளில் எழுதிவிட வேண்டும். இதுவரை தாளில் எழுதப்படாத ஒரு குடும்பத்து விதி அப்படியே பதிவாகவும் வாய்ப்புண்டு.

இடையிடையே கேம் ஜாம் எனப்படும் போட்டிகளிலும் கலந்துகொள்ளலாம். 2002இல் தொடங்கிய லூடம் டேரில், தனியாளாகப் போட்டியிடுபவர் 48 மணி நேரத்தில் ஓர் ஆட்டத்தை முடிக்க வேண்டும். 2009 முதல் நடக்கும் குளோபல் கேம் ஜாமில் பல நாடுகளின் ஊர்களில் மக்கள் ஒன்றுகூடிக் குழுவாகச் செய்கிறார்கள். காலக்கெடு இருப்பதால் அளவைச் சுருக்கும் பழக்கம் தானாகவே வந்துவிடும்.

பட்டியல், கட்டம், ஈர்ப்பு, முறை. இந்த நான்கும் கைவந்தவர், ஒரே திரையில் அடங்கும் இருபரிமாண ஆட்டங்களில் பெரும்பாலானவற்றைத் தானே செய்ய முடியும். முதல் ஆட்டத்தில் தாளின் பின்பக்கம் குறித்து வைத்த யோசனைகளை இப்போது புரட்டிப் பார்க்கலாம்.